கரவனெல்ல சந்தியில் இரண்டு கார்கள்

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படுவோரிற் பலர் கண்டி வழியையே நினைப்பர். அவிசாவளை வழி என்று வேறொன்றும் உண்டு. அதனை ஒருமுறை கண்டவர் பின்னர் எளிதில் விடமாட்டார். அவிசாவளையில் தொடங்கும் ஏ-7 நெடுஞ்சாலை தெஹியோவிட்டவைக் கடந்து, களனி கங்கையின் அண்மையிலேயே வளைந்து வளைந்து சென்று கரவனெல்லவை அடைகின்றது. கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக இறங்கிவரும் ஏ-21 பாதையும் இங்கேதான் வந்து கலக்கிறது. இரு பாதைகள் கூடுமிடம். அருகே ஓர் ஆதார வைத்தியசாலை. சுற்றிலும் றப்பர்த் தோட்டங்கள். ஊர் என்று சொல்லத்தக்கது இவ்வளவே.

ஆயினும் இவ்வூருக்குத் தனியான மணம் ஒன்று உண்டு. காலையிலே பால்வெட்டுப் பெண்கள் வாளியும் கத்தியுமாக மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருப்பர். மழை வந்துவிட்டால் அன்றைய வெட்டு அன்றைக்குப் போயிற்று. இப்பக்கத்து மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. உறைந்த பாலின் புளித்த வாடையும், புகைக்கூட்டின் கருகல் வாடையும், நனைந்த மண்ணின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும்போது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் களனிப் பள்ளத்தாக்கு வந்துவிட்டதென்று சொல்லிவிடலாம். முன்னொரு காலத்தில் இவ்வழியே புகையிரதமும் ஓடியது. 762 மில்லிமீற்றர் அகலமே கொண்ட அந்தக் குறுகிய பாதை 1903ஆம் ஆண்டில் எட்டியாந்தோட்டை வரை நீண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இக்கிளைப் பாதை மூடப்பட்டது. இன்று மலைக்குச் செல்ல உருளும் சக்கரங்கள் யாவும் தார்ச்சாலையையே நம்பியிருக்கின்றன.

கரவனெல்ல கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் உயரமும் இல்லாத ஊர். இதே சாலையில் மேலே சென்றால் எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை என்று ஏறி ஹற்றனில் 1,200 மீற்றருக்கு மேற்பட்டுவிடுகிறோம். நுவரெலியாவில் 1,868 மீற்றர். சமதரை முடிந்து மலை தொடங்கும் வாசற்படியில் இவ்வூர் இருக்கிறது. ஆகையால் ஒரு மோட்டார் வண்டியின் குணத்தை நிறுத்துப் பார்க்க இதைவிடத் தக்க தராசு கிடைப்பது அரிது. சென்ற பருவ விடுமுறையில் அத்தகைய நிறுவை ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள்.

என் தமக்கையின் குடும்பம் தோட்டத்து லயத்தை விட்டிறங்கி, சந்திக்கு அண்மையில் சிறு வீடொன்று கட்டிக்கொண்டு வாழ்கிறது. அக்கா முப்பதாண்டுகள் பால்வெட்டியவர். மருமகன் கொழும்பிலே கணக்காளர் ஒருவரிடம் பணிபுரிகிறான். கிழமை இறுதியில் மட்டும் வீடு வருவான். மருமகள் எட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியை. நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. சித்திரை மாதத்திலே அப்போட்டிக்குச் செல்லும் கார்கள் இச்சாலையில் உறுமிக்கொண்டு போவதைச் சிறுவயதில் மதகின் மேல் அமர்ந்து எண்ணியவன் என் மருமகன். அந்த ஆசை அவனை விடவில்லை. வாங்கினால் இரு கதவு கொண்ட ஸ்போர்ட்ஸ் கூபே, இல்லையேல் பஸ் வண்டியே போதும் என்று இருந்தவன், இப்பொழுது இரண்டைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டும் 2010இல் வெளிவந்த ஹொண்டா சீ.ஆர்.இசட். ஒன்று கையால் மாற்றும் ஆறு கியர் கொண்டது. மற்றையது தானே மாறும் வகை.

பழைய வண்டிக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை புதிய கார்களின் விலையையே வெட்கப்படுத்தும் அளவுக்கு ஏறிற்று. அதன் சூடு இன்னும் ஆறவில்லை. போதாக்குறைக்கு, மருமகனின் சேமிப்போடு அக்காவின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பங்கும் சேர்கிறது. முப்பதாண்டு பால்வெட்டிய கையின் பணம். பிழைத்துப்போனால் மீண்டும் வெட்டிச் சேர்க்கும் வயது அவருக்கு இல்லை.

"ஓட்டோவா, மெனுவலா?" என்று மருமகன் விவாதத்தைத் தொடங்கியதும் அக்கா குறுக்கிட்டார். "ஓட்டோ எதுக்குப்பா? அதுதான் கூப்பிட்டா வாசல் வரைக்கும் வருதே." முச்சக்கர வண்டியைத்தான் அவர் நினைத்திருந்தார். சிரித்து முடிக்கச் சிறிது நேரம் சென்றது.

நான் பௌதிகம் கற்பிப்பவன்; ஆதலால் மாணவர் பொருட்டு ஒரு சொல். எஞ்சின் என்பது குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டுமே நன்றாக உழைக்கும் பிராணி. சக்கரமோ பூச்சியத்திலிருந்து எந்த வேகத்திலும் சுழலவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே தரகு பேசுவது கியர்ப் பெட்டி. பழங்காலத்து லொறிகளில் பற்சக்கரங்களின் வேகத்தைச் சாரதியே சமப்படுத்த வேண்டும். கிளச்சை ஒரு கியருக்கு இருமுறை மிதிப்பார்கள். 1928இல் கடிலாக் வண்டியில் வந்த ஒத்தியக்கும் வளையங்கள் அந்தச் சிரமத்தைப் போக்கின. 1939இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம், கிளச் மிதியே இல்லாத தானியங்கிக் கியரை விற்பனைக்கு அறிவித்தது. 1958இல் ஒல்லாந்தின் டாஃப் வண்டி இன்னொரு வழியைக் காட்டிற்று: பற்சக்கரங்களுக்குப் பதிலாக, விரிந்தும் சுருங்கியும் விட்டம் மாறும் இரு கப்பிகளும் அவற்றை இணைக்கும் பட்டியும். கியர் என்று படிப்படியாக எதுவும் இல்லை. விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். மருமகன் பார்த்த இரண்டாவது கார் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. ஆனால் இதில் உள்ளது உருக்குப் பட்டி.

முதலில் கைக்கியர் வண்டியில் ஏறினோம். அதில் ஏறுதல் என்னும் சொல் பொருந்தாது; இறங்குதல் என்பதே சரி. சந்தியில் எனக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரும் உடன் வந்தார். பின்னிருக்கை பெயரளவில்தான் இருக்கை; அதில் மடங்கியிருந்த அவரே வழியெல்லாம் பாடம் நடத்தினார். எட்டியாந்தோட்டையைத் தாண்டியதும், மெதுவாகச் செல்லும்போதே நான்காம் கியரைப் போட்டு முடுக்கியை முழுதும் அழுத்தச் சொன்னார். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வண்டி பின்தங்கினால் கிளச் தட்டு தேய்ந்துவிட்டதென்று பொருள். வண்டி முனகியது; ஆனால் சத்தமும் வேகமும் கைகோத்தே ஏறின. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பல் உரசும் ஓசை கேட்கிறதா என்றும் காது கொடுத்தார். சற்றுக் கேட்டது. "இது பெரிய சாமான் இல்ல," என்றார்.

கித்துல்கலவில் சற்று நின்றோம். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத்துத் திரைப்படத்துக்காக இங்கே மரப்பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதை இவ்வூரார் இன்றும் வருவோர்க்குச் சொல்லாமல் விடுவதில்லை. நதிக்கு அந்தப் பெருமை வேண்டியதில்லை. கருங்கற்களிடையே நுரைத்தோடும் அதன் அழகே போதும். இப்பொழுது இரப்பர்ப் படகில் பாய்ந்து செல்லும் இளைஞர் கூட்டம்தான் இங்கே அதிகம்.

கினிகத்தேனை வரை ஏறித் திரும்பினோம். ஏற்றம் எஞ்சினைச் சோதிக்கும். இறக்கமோ சாரதியைச் சோதிக்கும். இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வருபவனின் பிறேக் சூடேறி, தேவையான வேளையில் கைவிடும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைச்சாரதிகளின் பழைய வாக்கு. மருமகன் இரண்டிலும் மூன்றிலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். மதகின் மேல் அமர்ந்திருந்த சிறுவனின் முகமேதான்.

பிற்பகலில் மற்றையது. அது ஏறிய விதமே வேறு. வளைவுக்கு வளைவு உலுக்கல் இல்லை, இடது கைக்கு வேலை இல்லை. ஏற்றம் கடுமையாகும்போது எஞ்சின் ஒரே சுருதியில் நின்று இரைகிறது. வேகம் பின்னால் மெல்ல வந்து சேர்கிறது. இதனை மருமகன் "தையல் மெஷின்" என்று இகழ்ந்தான். எனக்கு அத்தனை வெறுப்பு இல்லை. ஜப்பானிய அளவையின்படி எரிபொருளில் சிக்கனமும் இதுவே: லீற்றருக்கு 25 கிலோமீற்றர், கைக்கியருக்கு 22.5. இறக்கத்தில் சுக்கானுக்குப் பின்னுள்ள சிறு நெம்புகளைத் தட்டி விகிதத்தைத் தாழ்த்தலாம். அதனை அறியாமல் 'டி'யில் விட்டுவிட்டு இறங்குவோரே கெடுகிறார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். கலப்பின வண்டியில் மின்மோட்டாரும் இறக்கத்தில் பிடித்துக்கொடுக்கும். ஆனால் நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பியதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

பாஸ் இரண்டு இடங்களைப் பார்த்தார். நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது வண்டி நடுங்குகிறதா? நடுங்கவில்லை. கியர்ப் பெட்டியின் எண்ணெய் எப்படி? கறுத்திருந்தது, ஆனால் கருகல் நாற்றம் இல்லை. "இத மாத்தாம ஓட்டினா பெட்டி போகும். போனா அவிசாவளையில ஒண்ணும் செய்ய ஏலாது, கொழும்புதான். கிளச்னா நானே ரெண்டு நாள்ல போட்டுக் குடுப்பேன்" என்றார். தீர்ப்பு முழுவதும் அந்த மூன்று வாக்கியத்தில் அடங்கியதாக மருமகன் எண்ணிக்கொண்டான். சாலையையும் செலவையும் மட்டும் நோக்கினால் நானும் கைக்கியருக்கே கையுயர்த்துவேன். பழுதானால் பக்கத்திலேயே திருத்தக்கூடிய பொருளுக்கு மலைநாட்டில் தனி மதிப்பு உண்டு.

ஆனால் மருமகள் அதுவரை பேசவில்லை. தேநீர் கொணர்ந்து வைத்துவிட்டு அவள் கேட்ட கேள்வி வேறு. "அண்ணா திங்கட்கிழமை கொழும்புக்குப் போயிருவாங்க. அம்மாவுக்கு ராத்திரியில மூச்சு முட்டினா யார் ஓட்டுறது?" கடந்த மழைக்காலத்தில் ஓரிரவு அக்காவுக்கு இளைப்பு வந்தபோது முச்சக்கர வண்டி கிடைக்க ஒரு மணி நேரம் சென்றது, வைத்தியசாலையோ கூப்பிடு தூரம். மருமகள் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவள்தான். ஆனால் தானியங்கி வண்டியில் பரீட்சை கொடுத்தவள். அவ்வாறு பெற்றவர் கைக்கியர் வண்டியைச் செலுத்தச் சட்டத்தில் இடமில்லை.

"நீ படிச்சுக்கலாமே" என்றான் தமையன்.

"படிக்கலாம். அதுவரைக்கும் அம்மா காத்திருக்கணுமே."

மருமகன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்க சொல்லுங்க." நான் சொன்னேன்: வாரத்தில் ஐந்து நாள் இந்த வண்டி யார் கையில் இருக்குமோ, அவர் ஓட்டக்கூடியதை வாங்கு. அதற்குமுன் கலப்பினப் பற்றரியைச் சோதித்துவிடு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியில் கியரைவிடப் பெருஞ்செலவு வைக்கக்கூடியது அதுதான். பற்றரி வலுவிழந்திருந்தால் இரண்டையுமே விட்டுவிடு. அக்காவின் பணம் வங்கியிலேயே கிடக்கட்டும்.

அவன் உடனே இசையவில்லை. அன்றிரவு நெடுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தான். ஆசையை விடுதல் எளிதன்று. இருபதாண்டு வளர்த்த ஆசை அல்லவா? மறுநாட் காலையில் கணினி வைத்துச் சோதிக்கும் ஓரிடத்துக்கு வண்டியைத் தானே ஓட்டிச் சென்றான். முந்தைய உரிமையாளர் பற்றரியை மாற்றியிருந்தார். அதற்கான பற்றுச்சீட்டும் இருந்தது. எண்ணெய் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டான். விற்பவர் பாதிக்கு இணங்கினார்.

அக்காவை அதில் ஏற்றி இறக்கிப் பார்த்ததுதான் கடைசிப் பரீட்சை. "கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கு தம்பி" என்றார். மருமகள் ஒரு தலையணையைக் கொணர்ந்து முன்னிருக்கையில் வைத்தாள். பின்னர் தாயும் மகளுமாக எட்டியாந்தோட்டை வரை போய் வந்தார்கள். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பார்த்துக் கையசைத்தாராம்.

திங்கட்கிழமை விடியுமுன் மருமகன் ஹற்றன்–கொழும்பு பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றான். கார்ச் சாவி வீட்டிலே, நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், தங்கையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.