செர்மோ: தனியாளுக்கு இல்லாத பேச்சு

தேவாலயப் பிரசங்கத்தை ஆங்கிலத்தில் 'செர்மன்' என்கிறார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் வாய் திறக்காமல் கேட்பது. அதன் மூலமான 'செர்மோ' என்ற லத்தீன் சொல்லை 1879-இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியில் தேடினேன். முதல் பொருளே உரையாடல்! ஊர்ப்பேச்சு, வதந்தி, மொழிநடை எல்லாம் அதற்குப் பிறகுதான். பலர் கூடிப் பேசியது ஒருவரின் பேச்சாக எப்படிச் சுருங்கியது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பழைய சாட்சி வார்ரோ. கி.மு. முதல் நூற்றாண்டில் லத்தீன் மொழி பற்றி 25 புத்தகங்கள் எழுதியவர். இன்று கையில் இருப்பவை ஐந்தாவது முதல் பத்தாவது வரையானவை மட்டுமே. ஆறாவதில் இந்தச் சொல்லைத் தொடுத்தல், வரிசை என்ற பொருளுள்ள வேரோடு சேர்க்கிறார். ஒருவர் பேச்சோடு இன்னொருவர் பேச்சு தொடுக்கப்பட வேண்டும். தனியாளிடம் செர்மோ இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

கி.மு. 44-இல் தன் மகனுக்காகக் கடமைகள் பற்றி எழுதிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, பேச்சை இரண்டாகப் பிரிக்கிறார். நீதிமன்றத்திலும் செனட்டிலும் முழங்குவது ஒன்று; விருந்திலும் நண்பர்களோடும் பேசும் செர்மோ இன்னொன்று. முதலாவதற்கு இலக்கணம் வகுக்க ஆட்கள் உண்டு, இரண்டாவதற்கு யாருமில்லை என்று குறைப்பட்டு, தானே விதி சொல்கிறார். பேச்சை ஒருவரே பிடித்துக்கொள்ளக் கூடாது, மற்றவர்களுக்கும் முறை தர வேண்டும்; அங்கில்லாதவரைப் பழிக்கக் கூடாது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களுக்கு அப்படியே பொருந்தும். ரோமானியக் கவிஞர் ஹொராஸும் தன் அங்கதக் கவிதைகளுக்கு 'செர்மோ' என்ற சொல்லையே பெயராக வைத்தார்.

திருப்பம் திருச்சபையில் வருகிறது. அல்ஜீரியாவின் இன்றைய அன்னாபாவில், அன்றைய ஹிப்போவில், ஆயராக இருந்த அகஸ்டின் பேசப் பேச, சுருக்கெழுத்தர்கள் எழுதிக்கொண்டார்கள். 500-க்கு மேற்பட்ட உரைகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் கூட்டம் ஆரவாரித்ததும், அதற்கு அவர் பதில் சொன்னதும் பதிவாகியுள்ளன. பேசியவர் ஒருவரானாலும் கேட்டவர்கள் ஊமைகளாக இல்லை. சொல் பிரசங்கமாக மாறிய பிறகும் பழைய உயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த ஆதாரம் இது.

தேடலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவர் அறிஞர் எராஸ்மஸ். யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் வரும் 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, திருச்சபையின் லத்தீன் விவிலியம் 'வெர்பும்' என்றது. தான் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் 1516 பதிப்பில் அதை அப்படியே விட்டிருந்த எராஸ்மஸ், 1519-இல் 'செர்மோ' என்று மாற்றினார். வெர்பும் ஒற்றைச் சொல். லோகோஸ் தொடர்ந்து வரும் பேச்சு என்பது அவர் நியாயம். வேதத்தில் கை வைத்துவிட்டார் என்று பிரசங்க மேடைகளிலேயே கண்டனம் எழுந்தது. 1520-இல் மறுப்பு எழுதினார். தொடக்ககாலத் திருச்சபை எழுத்தாளர்களான தெர்துல்லியனும் சிப்ரியனும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல்லைத்தான் ஆண்டார்கள் என்று காட்டினார்.

வார்ரோவையும் சிசரோவையும் படித்த பிறகு எனக்குச் சந்தேகமில்லை: எராஸ்மஸ் தேர்ந்தெடுத்ததே சரியான சொல். ஆனாலும் அது நிலைக்கவில்லை. திருச்சபையின் லத்தீன் விவிலியத்தில் இன்றும் இருப்பது வெர்பும்தான்.