நாலடித் தொட்டி, பழைய விலை

மீன் தொட்டியை விற்பவர்கள் சொல்லும் காரணங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. வீடு மாறுகிறோம், பையன் படிக்க வெளியூர் போய்விட்டான், தண்ணீர் மாற்ற ஆளில்லை. இரண்டடித் தொட்டி என்றால் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிடலாம். நாலடித் தொட்டியை எங்கே ஏற்றுவது? கூடத்தில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு, செல்போன் சார்ஜரும் பழைய செய்தித்தாளும் வைக்கும் மேசையாகிவிட்ட பிறகு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் போதும் என்றாகிவிடுகிறது. விற்பவருக்குப் பணத்தைவிட இடம் அவசரம். பெரிய தொட்டி மலிவாகக் கிடைப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

பள்ளிப்பட்டிலிருந்து தொட்டி தேடிப் புறப்படுபவருக்கு இரண்டு வழி. ஆந்திர எல்லையைத் தாண்டினால் நகரி, புத்தூர். 1960 ஏப்ரல் 1 வரை பள்ளிப்பட்டே சித்தூர் மாவட்டத்து ஊர்தான். தெலுங்கில் தொடங்கும் பேரம் தமிழில் முடிவது இங்கே புதிதல்ல. இன்னொரு வழி, திருத்தணி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சேரும் கொளத்தூர். வடசென்னையின் அந்தப் பகுதியில் பின்கட்டுச் சிமெண்ட் தொட்டிகளில் குஞ்சு எடுத்தே பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மொத்த வியாபாரம், கண்ணாடி ஒட்டும் கடை, மோட்டார் பழுது பார்ப்பவர் என எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்.

கண்ணாடிக்குப் பின்னால் மீன் பார்க்கும் ஆசை சென்னைக்குப் பழையது. மெரினாவில் 1909-இல் திறந்த மீன் காட்சிசாலைதான் ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942-இல் அதை மூடினார்கள். வீட்டுக்கு வாங்க நினைத்தவர்கள் மூர் மார்க்கெட் போனார்கள், 1985-இல் அது எரியும்வரை. அந்தக் காலத்துத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம், ஓரங்களில் மக்கு. அப்படி ஒன்று இன்றைக்கும் யார் வீட்டு மூலையிலாவது கிடைத்தால் பூ வைக்கலாம், மீன் விட வேண்டாம். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த மக்கு தண்ணீரைத் தாங்காது.

இப்போதைய தொட்டிகளை ஒட்டுவது சிலிகான். தொட்டி பார்க்கப் போகும்போது கண்ணாடியின் பளபளப்பில் மயங்காமல் மூலைகளைத்தான் பார்க்க வேண்டும். நகத்தால் நெருடினால் சிலிகான் ரப்பர்போல் எதிர்த்து நிற்க வேண்டும். உரிந்து வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. முடிந்ததும் தொட்டி வீணாகிவிடாது. பிளேடால் முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். பழைய சிலிகான்மேல் புதியது பிடிக்காது என்பதால், ஒழுகும் இடத்தில் மட்டும் மேல்பூச்சுப் பூசுவது பணத்துக்குக் கேடு. பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்த குளியலறைச் சிலிகானும் ஆகாது. அந்த மருந்து மீனையும் விடாது. சிலிகான் நீலம் பாய்ந்திருந்தால் மெத்திலீன் புளூ ஊற்றியிருக்கிறார்கள், அதாவது மீனுக்கு நோய் வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கவும் செய்யலாம்!

கணக்கு ஒன்று போட்டாக வேண்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஒன்பது கன அடி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். தண்ணீர் மட்டும் 255 கிலோ. 10 எம்எம் கண்ணாடி ஐம்பது கிலோவைத் தாண்டும். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 350 கிலோ மிகைக் கணக்கல்ல. முன்பக்கக் கண்ணாடியின்மேல் மட்டும் தண்ணீர் 125 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் அந்த அழுத்தம் நாலு மடங்காகும். ஆகவே நீளத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உயரமான தொட்டியில் மெல்லிய கண்ணாடி இருந்தால்தான் பயப்பட வேண்டும். மேல்விளிம்பில் குறுக்கே ஒட்டிய பட்டையை, மூடி உட்காரவில்லை என்று யாரோ பெயர்த்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். தறி ஓடி அதிரும் கூடத்தில் இதைக் கொண்டுபோய் வைக்காமலிருப்பது நல்லது.

குட்டியானையில் ஏற்றும்போது அடியில் தெர்மோகோல், உள்ளே ஒரு பொருளும் கூடாது. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டு, கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலம் முழுகியிருக்கும் நாளாக மட்டும் இருக்கக் கூடாது. வீடு சேர்ந்ததும் கூடத்துக்குள் கொண்டுபோகாமல், வாசலில் சமமான இடத்தில் வைத்து நிரப்பி, இரண்டு நாள் விட்டுப் பார்ப்பதே முறை.

கூடவே தரும் சாமான்களில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி பழசானால் கெடுவதில்லை. கெடுவது ரப்பர், ஒயர், மோட்டார். பழைய ஹீட்டரை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். விரிசல் விட்ட கண்ணாடிக் குழாய், தண்ணீருக்குள் மின்சாரம். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊருக்கு ஹீட்டர் எதற்கு? இங்கே தலைவலி சூடுதான். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். எனவே ஹீட்டருக்கு ஆகும் காசில் புது ஏர் பம்ப் ஒன்று வாங்கலாம், மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. 20 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல் மீனுக்குப் போகிறது.

பழையதாகவே வாங்க வேண்டியது ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் பில்டரின் அழுக்கு ஸ்பாஞ்ச். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்சைக் காயவிடாமல், அந்தத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் கொண்டுவந்தால் காத்திருப்பு பெருமளவு குறையும். குழாயடியில் பளிச்சென்று அலசித் தரும் நல்ல மனசுக்காரர்களைத் தடுக்க வேண்டியிருக்கும். கண்ணாடியில் படிந்த போர் தண்ணீர் உப்புக்கு வினிகரோ எலுமிச்சையோ போதும். சோப்பு கூடவே கூடாது.

கடைசியில் விற்பவர், “இதையும் எடுத்துட்டுப் போங்க சார்” என்று ஒரு சக்கர் மீனைச் சேர்த்துத் தருவார். வாங்கும்போது விரல் நீளம் இருந்தது ஒரு அடியைத் தாண்டியிருக்கும், பல வீடுகளில் தொட்டியை விற்க அதுவே பாதிக் காரணம். தென் அமெரிக்க மீன் அது. ஏரியில் விட்டால் பெருகி உள்ளூர் மீனை ஒடுக்கும், வலையைக் கிழிக்கும். கொசஸ்தலையில் விட்டுவிடலாம் என்ற யோசனை இருந்தால் அதை வண்டியில் ஏற்றாமலிருப்பதே மேல். வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் கொளத்தூரில் உண்டு, காசு எதிர்பார்க்காவிட்டால்.