குதிருக்குள் இருந்த விளைச்சல்

அன்புள்ள நண்பா,

அயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஃப்ரீமாண்ட் கவுண்டியிலிருந்து எழுதுகிறேன். மேற்கே மிசூரி ஆறு, கிழக்கே லோயஸ் மண்குன்றுகள், நடுவே கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும். 2019 மார்ச்சில் மிசூரி கரைகளை உடைத்துக்கொண்டு வந்து மூழ்கடித்த பூமி இது. ஹாம்பர்க் என்ற சிற்றூர் பெரும்பாலும் தண்ணீருக்குள் போயிற்று. 2011 வெள்ளத்தின்போது அவசரமாக உயர்த்திய கரையை, மத்திய அரசின் தரத்துக்குக் கட்டிமுடிக்கப் பணமில்லாமல் இந்த ஊர் மறுபடி தாழ்த்த வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது இன்றும் ஊர்க்காரர்கள் முகம் இறுகிப்போகிறது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது குதிர்களைப் பற்றி. மார்ச் மாதத்தில் வயலில் பயிர் இல்லை. முந்தைய வருட விளைச்சல் வீட்டோரத்து எஃகுக் குதிர்களில் இருந்தது. அந்த வருடம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. 2018 ஜூலையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி போட்டதும் விலை சரிந்தது. ஏறட்டும் என்று பலர் விற்காமல் வைத்திருந்தார்கள். அடியில் தண்ணீர் புகுந்ததும் தானியம் ஊறிப் பருத்து எஃகுத் தகட்டையே கிழித்துக்கொண்டு வெளியே சரிந்தது. வெள்ளம் தொட்ட தானியத்தை விற்க இங்கே சட்டம் விடாது. கொட்ட வேண்டியதுதான்.

நிவாரணம் கேட்டுப் போனால் அங்கே ஒரு ஓட்டை. வெள்ளத்தில் மாடு செத்தால் சந்தை மதிப்பில் 75 சதவீதம் கொடுக்க ஒரு திட்டம் உண்டு. விதைக்க முடியாமல் போன நிலத்துக்கும் பயிர்க் காப்பீடு உண்டு. அறுத்துக் குதிரில் போட்ட தானியத்துக்கு ஒன்றுமில்லை. அதற்கென்று திட்டம் எதுவும் இல்லை என்று அப்போது மத்திய வேளாண்துறையின் துணைச் செயலராக இருந்த பில் நார்தியே சொன்னார். அவரும் அயோவா விவசாயியாக இருந்தவர்தான். உழுது, விதைத்து, அறுத்து, கடனுக்குக் கட்டவேண்டிய பணமாகக் குதிரில் வைத்திருந்த நேரத்தில்தான் உழவன் பாதுகாப்பே இல்லாமல் நின்றிருக்கிறான். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019 ஜூன் 6-ஆம் தேதி புதிய பேரிடர் நிதிச் சட்டம் கையெழுத்தானது. 2018, 2019 இரண்டு வருட வேளாண் இழப்புகளுக்கு நாடு முழுமைக்கும் சுமார் 300 கோடி டாலர். குதிரில் அழிந்த தானியமும் அதில் முதல்முறையாகச் சேர்ந்தது. செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். வெள்ளம் வந்து ஆறு மாதம். அதற்குள் அடுத்த விதைப்புக்காலம் வந்து போய்விட்டது.

இந்த நிவாரண நடைமுறையில் ஒரு ஏற்பாடு மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. கவுண்டிதோறும் வேளாண் அலுவலகத்துக்கு ஒரு குழு. அதன் உறுப்பினர்களை மூன்று வருடத்துக்கு அங்குள்ள விவசாயிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் நிலம் எவ்வளவு, யார் எதை விதைத்தார் என்று அறிந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். நம் ஊர்ப் பயிர்ச்சேதக் கணக்கெடுப்புகளிலும் இப்படி ஓட்டுப் பெற்ற உழவர்கள் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தப் பேரிடர் நிதிச் சட்டத்தில் பயிரிழப்புக்குப் பணம் வாங்கியவர்கள் அடுத்த இரண்டு வருடம் பயிர்க் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நியாயம்தான். ஆனால் அந்தக் காப்பீடும் வயலோடு நின்றுவிடுகிறது. அறுத்து உள்ளே போட்டதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்காமல், குதிருக்கும் நிரந்தரமாக ஒரு வழி செய்யவேண்டும்.

நாளை ஆற்றைக் கடந்து நெப்ராஸ்கா பக்கம் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்