எவரெஸ்ட் அடிவாரம்: வீட்டிலேயே பேசியிருக்க வேண்டிய விஷயம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு காகிதங்கள் ஒரு வாரம் கிடந்தன. ஒன்றில் லுக்லாவில் இறங்கி, எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போய், மறுபடி லுக்லா வர ஒன்பது நாள். மற்றதில் பன்னிரண்டு நாள், அதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு. ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் என்பதால் எனக்கு ஒன்பது நாள் காகிதத்தின் மேல்தான் கண். "நாம என்ன நொண்டியா? தினமும் மலைக்கோட்டை ஏறுறோமே" என்றேன்.

உண்மைதான். திருச்சியில் ஆறு மாதம் விடியற்காலையில் முதுகில் பையோடு உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு 51 வயது, என்னவருக்கு 56. மூட்டுக்கு அது மிக நல்ல பயிற்சி. ஆனால் எங்கள் குடும்ப டாக்டர் ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தார். "படி ஏறினா காலுக்குப் பலம் வரும். காத்து குறைஞ்ச இடத்துல இருக்க உடம்பு பழகணும்னா, அதுக்கு நாள்தான் மருந்து."

பேஸ் கேம்ப் 5,364 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. அதனால்தான் மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின் ஒவ்வொரு நாளும் தூங்கும் இடத்தின் உயரத்தை சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்கிறார்கள். நல்ல திட்டத்தில் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் ஒரு நாள், 4,410 மீட்டரில் டிங்போச்சேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள். அந்த நாட்களில் சும்மா படுத்திருப்பதில்லை. பக்கத்துக் குன்றில் கொஞ்சம் ஏறிவிட்டு, இறங்கி வந்து தூங்க வேண்டும். ஒன்பது நாள் காகிதத்தில் டிங்போச்சே ஓய்வு காணாமல் போயிருந்தது. இருபதாயிரம் மிச்சமான ரகசியம் அதுதான். பன்னிரண்டு நாளுக்குப் பணம் கட்டினோம்.

அக்டோபரில் கிளம்பினோம். மழைக்காலம் முடிந்து வானம் தெளியும் அக்டோபர், நவம்பர். இல்லாவிட்டால் மார்ச் முதல் மே வரை. இந்த இரண்டு பருவம்தான் வசதி. இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். எங்கள் வயதுக்காரர்கள் ஆதாரை நம்பிப் போகாதீர்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60 ரூபாய். சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய் வாங்கினார்கள், வெள்ளைக்காரர்களுக்கு இரட்டிப்பு. மேலே போகப்போக வெந்நீர், குளியல், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு, அதுவும் ரொக்கமாக. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பருப்பும் சோறும் கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். நான் கொண்டுபோன பருப்புப் பொடியை எங்கள் போர்ட்டர் தம்பிதான் அதிகம் ரசித்தான்.

இன்ஷூரன்ஸ் காகிதத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் இத்தனை மீட்டருக்கு மேல் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும் சேர்த்து இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவையில்லாமல் ஆட்களை ஹெலிகாப்டரில் ஏற்றி இன்ஷூரன்ஸ் பணம் கறந்ததைப் பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. ஆகவே பாலிசியும் வேண்டும், நம்பிக்கையான கைடும் வேண்டும்.

லுக்லா விமானத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். 2,860 மீட்டர் உயரத்தில் சரிவான சின்ன ஓடுதளம், ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பயத்தைவிடப் பெரிய தொல்லை மேகம். மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானம் இல்லை, அவ்வளவுதான். கூட்டம் அதிகமான பருவத்தில் பல விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் மந்தலி என்ற ஊரிலிருந்து கிளம்பும். நாங்கள் நள்ளிரவில் வேன் ஏறி நான்கைந்து மணி நேரம் வளைந்து வளைந்து அங்கே போனோம்.

எங்கள் கைடு நாற்பது வயதுக்காரர். என்னை தீதி என்றும் இவரை சார் என்றும் கூப்பிடுவார். என்னவர் நாக்பூரில் வேலை பார்த்தபோது கற்ற இந்தி கைகொடுத்தது. தினமும் காலையும் மாலையும் அவர் கேட்கும் கேள்விகள் ஒன்றே: தலைவலி உண்டா, தூங்கினீர்களா, சாப்பிட முடிகிறதா? பிறகு விரலில் ஆக்ஸிமீட்டர். கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்ததே, அதேதான். அந்த உயரத்தில் எண்பது சொச்சம் காட்டுவது சாதாரணம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. டயமாக்ஸ் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். விரல் நுனி குறுகுறுக்கும், ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழ வைக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டெங்போச்சே மடாலத்து முற்றத்தில் நின்று அமா தப்லம் சிகரத்தைப் பார்த்த மாலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் லோபுச்சே, 4,940 மீட்டர். வழியில் துக்லா மேட்டில், மலையில் உயிர்விட்டவர்களுக்கு எழுப்பிய கல் நினைவுச் சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே என்னவர் ஒரு கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க நேரமெடுத்தார். "மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்லை" என்றார். லாட்ஜுக்கு வந்ததும் வாந்தி. பூண்டு சூப்பைத் தொடவில்லை. ஆக்ஸிமீட்டர் 68 காட்டியது. கைடு எதுவும் பேசாமல் தரைப்பலகை இணைப்பைக் காட்டி, அந்தக் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டு போல இருந்தது. மூன்றாவது அடியில் இவர் சுவரில் சாய்ந்தார்.

"தீதி, பையைக் கட்டுங்கள். இப்போதே இறங்குகிறோம்."

இரவு ஏழு மணி. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். காலையில் போகலாமே என்று கேட்டேன். "காலையில் அவரால் நடக்க முடியாமல் போகலாம்" என்றார். கைடு ஒரு பக்கமும் போர்ட்டர் தம்பி மறுபக்கமும் தோள் கொடுக்க, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மூன்றரை மணி நேரம். பெரிச்சேயில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் நடத்தும் சிறிய மருத்துவமனை இருக்கிறது, பருவ காலத்தில் டாக்டர்கள் இருப்பார்கள். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். ஆக்ஸிஜனும் டெக்ஸாமெதசோன் ஊசியும் போட்டார்கள். முக்கியமான மருந்து இறங்கி வந்ததுதான் என்றார் டாக்டர்.

விடியும்போது என்னவர் டீ கேட்டார். பிறகுதான் சொன்னார். டிங்போச்சேயிலேயே தலைவலி. கைடு கேட்ட போதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் வலி மாத்திரை போட்டிருக்கிறார்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"உன் சீட்டுப் பணம்மா. எத்தனை வருஷக் கனவு. என்னால கெடணுமா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் யோசித்தால், "எவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தது யார்? நான்தானே. டிங்போச்சேயில் இவர் பாதித் தட்டைத் தள்ளி வைத்ததையும் பார்த்தேன். பார்த்தும், பருப்புப் பொடி வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

ஷூ வாங்கப் பத்துக் கடை ஏறியவர்கள் நாங்கள். யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு மாலைகூட உட்கார்ந்து பேசவில்லை. தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்வது, சொன்னவர் மேல் மற்றவர் முகம் சுளிக்காமல் இருப்பது, ஒருவர் இறங்கினால் மற்றவர் போவதா இறங்குவதா. இதையெல்லாம் 4,400 மீட்டரில், தூக்கமில்லாத மண்டையோடு முடிவு செய்ய முடியாது. பெரிச்சேயில் அன்று காலை கைடு, தனக்குத் தெரிந்த இன்னொரு குழுவோடு என்னை மேலே அனுப்பலாம் என்றார். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிறகு வேண்டாம் என்றேன்.

பயண ஏற்பாட்டாளரிடமும் இதைக் கேளுங்கள். ஒருவர் இறங்கினால் கூட யார் வருவார்? ஒரே கைடு என்றால் எல்லோரும் இறங்க வேண்டியதுதான். ஆள் அதிகமென்றால் உதவிக் கைடு கட்டாயம். திரும்பும் முடிவு யார் கையில்? கைடு கையில் என்று பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். போர்ட்டருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, குளிருக்கு ஏற்ற ஷூவும் ஜாக்கெட்டும் உண்டா, எத்தனை கிலோ தூக்குகிறார்? நான் முதல் இரண்டைக் கேட்கவில்லை. அந்த ராத்திரி எங்கள் தம்பி கான்வாஸ் ஷூவோடுதான் இவரைத் தாங்கி இறங்கினான். நாம்சேயில் அவனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தோம். ஊருக்குக் கிளம்பும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

லுக்லாவில் இரண்டு நாள் மேகம். கையிருப்பு நாட்கள் அங்கே பயன்பட்டன. என்னவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வராத விமானத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். "தலை வலிக்குதா?" என்று கேட்டேன். "நேத்து லேசா இருந்தது. இன்னிக்கு இல்லை" என்றார். எண்ணிச் சொல்கிறேன், அன்று மட்டும் ஐந்து முறை கேட்டேன்.