ஆறாவது புள்ளி

பதினோராம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதலைத் தொடங்கும் முன் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவேன். அதன் மேல் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் வட்டம் ஒரே துண்டு. இரண்டு புள்ளி வைத்து நாண் வரைந்தால் வட்டம் இரண்டாகப் பிரியும். மூன்று புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. ஆறுக்கு எத்தனை என்று நான் கேட்பதற்குள் வகுப்பே “முப்பத்திரண்டு” என்று சொல்லிவிடும். வரைந்து எண்ணச் சொல்வேன்.

31தான் வரும். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தவர்களுக்கு 30. மூன்று நாண்கள் மையத்தில் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்வதால் நடுவில் இருக்க வேண்டிய குட்டி முக்கோணம் அங்கே இல்லாமல் போகிறது. விட்டுப்போன துண்டைத் தேடிப் பிள்ளைகள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தாங்கள் எண்ணியதில்தான் பிழை என்று நினைப்பார்கள். இரட்டிப்பாகும் என்ற ஊகத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு முக்கியம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

பிறகு காரணத்துக்கு வருவோம். ஒவ்வொரு நாணும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. நாண்கள் உள்ளே வெட்டும் ஒவ்வொரு இடமும் இன்னொன்றைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிக்கு நாண்கள் 15, வெட்டுமிடங்கள் 15, முதலில் இருந்த வட்டம் 1. மூன்று நாண்கள் ஓரிடத்தில் சந்திக்காத வரை இதுதான் கணக்கு. ஏழு புள்ளிக்குப் படமே வேண்டாம்: 21, 35, 1, ஆக 57.

ஐந்து உதாரணம் போதாது, கோடிக்கணக்கில் பார்த்தால் போதாதா என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. 1-ஐவிடப் பெரிய எந்த எண் வரை எடுத்தாலும், (திரும்ப வருபவற்றையும் சேர்த்து எண்ணினால்) பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள எண்கள் ஒற்றைப்படையாக உள்ளவற்றை மிஞ்சுவதில்லை என்று 1919-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா ஊகித்தார். அது தவறு என்று 1958-இல் ஹேசல்கிரோவ் நிறுவினார். முதன்முதலில் அது உடையும் இடம் 90,61,50,257 என்பது 1980-இல் தெரியவந்தது. அதுவரை 90 கோடி எண்களும் ஊகத்தின் பக்கமே நின்றன.

போல்யாவோ ஊகிப்பதை வாழ்நாளெல்லாம் போற்றியவர். நானும் பிள்ளைகளைத் தடுப்பதில்லை. ஊகிக்காதவருக்கு நிரூபிக்க எதுவும் கிடைக்காது. மருத்துவத்திலும் வானிலையிலும் பார்த்ததை வைத்துப் பார்க்காததைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கணிதத்தில் வழி இருக்கிறது.

வினாத்தாள் எடுக்கும் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1, 2, 4, 8, 16 என்று கொடுத்து அடுத்த எண் என்ன என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 32-க்கும் காரணம் உண்டு, 31-க்கும் உண்டு. “ஏன்?” என்றும் கேளுங்கள், மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.