மாமனாரின் ரம்பம்

என் மாமனார் ஐம்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். போன வருஷம் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்து, உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாவற்றையும் மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். துருப்பிடித்த ஒரு ரம்பம் மட்டும் மிஞ்சியது.

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் என் கணவரின் அண்ணன்.

"அது சாதா ரம்பம் இல்லேடா. ஒண்ணுக்குள்ளே நாலு சாமான் இருக்குன்னு அப்பா சொல்லுவார்" என்றார் மாமியார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாமியாரின் முகம் வாடிப் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. ரம்பத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் தகட்டில் உள்ள எழுத்து அழிந்துவிடும் என்றார் அடுத்த தெரு ஆசாரி. அதனால் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய துணியால் பொறுமையாகத் துடைத்தேன். பல் இருக்கும் பக்கத்தில் கனமான சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டேன். துருப்பிடித்த பல் கையைக் கீறினால் சும்மா விடக்கூடாது; காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி பற்றி டாக்டரைக் கேட்க வேண்டும்.

நாலாம் நாள் ரம்பத்தின் முதுகில் அங்குலக் கோடுகள் தெரிந்தன. அப்படியானால் அது அளவுகோல்! கைப்பிடி மரத்தில் அழுக்கு நீங்கியதும் சின்னக் கண்ணாடிக் குழல். ஆசாரி பார்த்துவிட்டு, "ரசமட்டம்மா இது" என்றார். கைப்பிடியும் முதுகும் சேரும் இடம் மூலைமட்டம். கோடு கீறும் ஊசிக்கும் ஓர் இடம் இருந்தது, ஊசிதான் இல்லை.

கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையில் 'டிஸ்டன் அண்ட் சன்ஸ், பிலடெல்பியா' என்று இருந்தது. என் மகன் செல்போனில் அந்தக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியலைத் தேடிப் படத்தைக் காட்டினான். அது 43-ம் நம்பர் ரம்பம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஹென்றி டிஸ்டன் 1840-ல் தொடங்கிய தொழிலாம். 1878-ல் அவர் இறந்த பிறகும் குடும்பம் நடத்தி, 1955-ல் விற்றுவிட்டது. வில்லையில் பேர் எப்படி வெட்டியிருக்கிறது என்பதை வைத்தே ரம்பத்தின் காலத்தைக் கணிப்பார்களாம்.

விஷயம் தெரிந்ததும், "நல்ல விலை போகுமா?" என்று கேட்டு இரண்டு மைத்துனர்களும் போன் செய்தார்கள்.

மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தார். "விற்கிறதுக்கு இல்லே. என் பொண்ணுக்கு."

பத்து வயசிலிருந்து அப்பா அறுக்கும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்தவள் என் நாத்தனார்தான். பங்கு பிரித்த அன்று அவளை யாருமே கூப்பிடவில்லை. ரம்பத்தை வாங்கிக்கொண்டவள் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சகோதரிகளே, பழைய சாமானை எடைக்குப் போடும் முன் துடைத்து, அதில் உள்ள பேரைப் படியுங்கள். வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். பங்கு பிரிக்கிற அன்று வீட்டுப் பெண்ணையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.