கபிலனைத் தெரியும், தேவராஜனைத் தெரியுமா?

2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்குக் கபிலனைத் தெரியும். அவர் கற்பனை. நிஜமாகவே உலக மேடை ஏறிய சென்னைக்காரர் ஒருவர் உண்டு: வி. தேவராஜன்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோ பிரிவில் இந்தியாவுக்காக ஆடினார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கம்ப்யூட்டர் வழியாகப் புள்ளி போட ஆரம்பித்தது அந்த வருடம்தான். ஐந்து நடுவர்களில் மூன்று பேராவது ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் அப்போது ஒரு புள்ளி! சினிமா மாதிரி முரட்டு அடி மட்டும் போதாது. குத்து விழுந்தது நடுவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். இருப்பதோ மும்மூன்று நிமிடமாக மூன்றே சுற்று.

1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் தேவராஜன் வெண்கலம் வென்றார். 1995இல் அர்ஜுனா விருது. குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை விஜேந்தர் சிங் வாங்கியது 2008இல். ஒலிம்பிக் வேறு, உலகக் கோப்பை வேறுதான். ஆனாலும் 14 வருடம் முன்பே நம்ம ஆள் ஒருவர் வெண்கலத்தோடு வந்திருக்கிறாரே!

எங்க ஆர்.கே.பேட்டை டீக்கடையில் பழைய கிரிக்கெட் ஸ்கோர் கேளுங்கள், பத்து பேர் சொல்வார்கள். தேவராஜன் என்றால் "யாருப்பா அது?" என்பார்கள். அன்றைய அமெச்சூர் ஆட்டத்தில் பந்தயப் பணம் கிடையாது; பதக்கமும் பேரும்தான் கூலியாக இருந்தன. அந்தப் பேரையாவது பாக்கி வைக்காமல் கொடுத்துவிடுவோமே?